வாங்காத சுவீப்

அத்தியாயம் 11

சென்ற வாரம் வெள்ளையம்மாவைத் திறந்த பெட்டியின் முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

விடிந்து வெகுநேரம் ஆகவில்லை. தோட்டத்து லயத்தின், அந்த ஒட்டு வரிசை வீடுகளின், தகரக் கூரையில் இரவு மழையின் மிச்சம் சொட்டிக்கொண்டிருந்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு உள்ளே வந்த அழகமுத்து, மனைவியின் முன்னால் திறந்திருந்த பித்தளைப் பெட்டியைப் பார்த்தார். கோப்பை ஆடியது. ஆனாலும் ஒரு சொட்டுச் சிந்தாமல் அதைப் பலகையில் வைத்தார். நாற்பது வருடம் தோட்டத்தில் நின்று, கங்காணியாக ஓய்வு பெற்ற மனிதர். எது ஆடினாலும் முதுகு வளையக்கூடாது என்று வாழ்ந்தவர்.

“மஞ்சத் துணி இருக்கு. தாலி எங்கங்க?”

அவர் கதவைச் சாத்தினார். லயத்தில் பகலில் கதவைச் சாத்துவதே ஒரு சுவர் தள்ளி இருக்கும் பக்கத்துக் காம்பராவுக்குச் சொல்லி அனுப்புகிற செய்திதான். வேறு வழியில்லை.

“வந்திரும். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வந்திரும்.”

“எப்பிடி வரும்? காலு மொளைச்சு நடந்து வருமா?”

அது வெள்ளையம்மாவின் தாலி அல்ல. கீழ் டிவிசன் மாரியம்மனின் தாலி. பதினான்கு வருடங்களுக்கு முன், நாற்பத்திரண்டு குடும்பமும் ஆளுக்கு ஒரு ‘பேர்’, அதாவது ஒரு நாள் சம்பளம் விட்டுக்கொடுத்து, இரத்தினபுரியில் செய்வித்தது. திருவிழா முடிந்தால் அது கோயில் தலைவர் வீட்டில் இருக்கும்; இப்போது தலைவர் அழகமுத்து. அடுத்த திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முதல் நாள் அந்தியில், தப்பு மேளம் அடித்து வந்து பெட்டியை எடுத்துப் போவார்கள்.

காப்புக்கட்டு நாளை வெள்ளிக்கிழமை. பெட்டி எடுக்க இன்று அந்திக்கு வருகிறார்கள்.

அழகமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அடகு வச்சிருக்கேன்.”

வெள்ளையம்மா பெட்டியை மூடினாள். மூடும்போதும் சத்தம் வராமல் மூடினாள்.

“ஏன்?”

தலை சீவிக்கொண்டிருந்த மகள் விஜயகலாவின் கை நின்றது. தோட்டத்து முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவள். இந்த வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள்.

“அம்மா, எனக்குத்தான் அந்தக் கடிதம் வந்துச்சு. அப்பா மேல கோவப்படாதீங்க.”

ஆறு வாரத்துக்கு முந்திய கதை. ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போடுவதற்காகக் கஹவத்தை டவுனில் புவாட் நடத்தும் கொமியூனிகேஷன் கடையில் அவள் ஒரு மின்னஞ்சல் முகவரி எடுத்திருந்தாள். வேலைக்குப் பதில் வரவில்லை. லண்டனிலிருந்து பதில் வந்தது. உலகத்து மின்னஞ்சல் முகவரிகளையெல்லாம் குலுக்கிப் போட்டு எடுத்ததில் அவளுடையதற்கு ஐந்து இலட்சம் இங்கிலாந்துப் பவுண் பரிசாம். மேலே நீல நிறத்தில் கிரீட முத்திரை. கீழே ஒரு கையெழுத்து. நடுவில், பணம் கைக்கு வரும்வரை இதை எவருக்கும் சொல்லக்கூடாது என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிதான் அழகமுத்துவுக்குப் பிடித்துப்போனது. வீட்டு விஷயம் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இவ்வளவு கண்ணியமாக எழுதுகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று நம்பினார்.

முதலில் பதிவுக் கட்டணம் கேட்டார்கள். மேட்டில் கட்டிக்கொண்டிருந்த சொந்த வீட்டுக்காகச் சேர்த்த சல்லி போனது. அடுத்தது வக்கீல் கட்டணம். அதற்குத்தான் அம்மன் தாலி போனது.

“ஒங்களுக்குப் புத்தி எங்க போச்சு? தர்றவன் எதுக்குக் கேக்கிறான்?”

“என் ஈபிஎப் காசு எடுக்கறதுக்கு நான் எத்தனை பேருக்குக் கட்டுனேன்? சத்தியக் கடதாசிக்குக் கட்டலையா? முத்திரைக்குக் கட்டலையா? மூணு வருசம் அலைஞ்சேன். நம்ம காசை நாம எடுக்கவே முன்கூட்டிக் கட்ட வேண்டியிருந்துச்சு. சீமைக்காரன் கேட்டா மட்டும் குத்தமா?”

அவர் நியாயம் அது. பிறப்புச் சான்றிதழுக்கும், பிரசா உரிமைக் கடதாசிக்கும், எதற்கும் முதலில் கட்டி, பிறகு காத்திருந்து பழகிய சனம். கட்டினால்தான் கடதாசி நகரும் என்பதை அவர்கள் யாரிடமும் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

“அது நம்ம வேர்வை” என்றாள் வெள்ளையம்மா. “கட்டுனோம், வந்துச்சு. இது என்னா? நாம இந்த சுவீப் டிக்கெட்ட வாங்கவே இல்லையே. வாங்காத டிக்கெட்டுக்கு எங்க இருந்துங்க பரிசு விழும்?”

அழகமுத்து சால்வையை எடுத்துத் தோளில் போட்டார்.

“இன்னைக்குக் காசு வந்து சேரும்னு எழுதியிருக்கான். கஹவத்தைக்குப் போய் எடுத்து, தாலிய மீட்டுட்டு நாலு மணி பஸ்ல வந்துருவேன். நீ பேசாம இரு.”

“இருபத்தெட்டு வருசம் பேசாமதான் இருந்தேன். நானும் வர்றேன்.”

*

மூவரும் பஸ் ஏறினார்கள். றப்பர் காட்டைத் தாண்டிய வளைவில் காவலரண். எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அழகமுத்து அட்டையை நீட்டியபோதுதான் அது நினைவுக்கு வந்தது. இந்த அட்டையின் இரு பக்கத்தையும் பிரதி எடுத்து, முகம் தெரியாத ஒருவனுக்கு அனுப்பியிருக்கிறோமே. துவக்கு ஏந்திய சிப்பாய்ப் பையன் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, “ஹரி, யன்ன” என்றான். போகலாமாம்.

புவாட்டின் கடையில் இரண்டு கணினி, ஒரு போட்டோகொப்பி மெஷின், கண்ணாடிக் கூட்டுக்குள் தொலைபேசி. விஜயகலா நாற்காலியில் உட்கார்ந்து கடிதப் பெட்டியைத் திறந்தாள். புதிய கடிதம் வந்திருந்தது. அவள் வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

“சொல்லு” என்றார் அழகமுத்து.

“பணம் புறப்பட்டிருச்சாம் அப்பா. ஆனா வரி கட்டுனாத்தான் விடுவாங்களாம். முன்ன கட்டுனது மாதிரி ரெண்டு மடங்கு. நாளைக்குள்ள கட்டாட்டிப் பரிசு வேற ஆளுக்குப் போயிருமாம்.”

கடையில் வேறு யாரும் இல்லை. புவாட் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தான். முப்பது வயதுக்காரன், மெலிந்த தாடி.

“தலைவர் ஐயா, கோவிக்கப்படாது. நீங்க முதல் தரம் வந்த நேரமே சொல்லப் பாத்தேன். ‘உன் வேலையப் பாரு தம்பி’ன்டு சொன்னீங்க.”

சொன்னது உண்மைதான். வெளியாள் மூக்கை நுழைக்கிறான் என்று நினைத்துச் சொன்னார்.

“இப்ப சொல்லுங்க தம்பி” என்றாள் வெள்ளையம்மா.

“இது கள்ள வேல உம்மா. இந்த ரெண்டு மாசத்துக்குள்ள இதே கடிதத்த நாலு பேருக்கு அடிச்சிக் குடுத்தீக்கிறன். பேரு மட்டும்தான் வேற. பரிசு இலக்கமும் ஒன்டுதான். ஒரே ஒரு ஆளுக்குத்தான் விழுந்ததுன்டு நாலு பேருக்கும் எழுதீக்கிறான். அதில ஒருத்தர் உங்கட தோட்டத்து ஆள்.”

“யாரு?” என்றார் அழகமுத்து.

“பேரச் சொல்ல ஏலாது. அவரும் உங்களப் போலத்தான், ஒருத்தருக்கும் சொல்லாதன்டு கையப் புடிச்சாரு.”

புவாட் திரையைத் தொட்டுக் காட்டினான். பெரிய கம்பனி என்கிறான், ஆனால் எழுதுகிற முகவரி இந்தக் கடையில் ஐந்து நிமிடத்தில் எவரும் இலவசமாக எடுக்கக்கூடியது. பெயர் தெரிந்து எழுதவில்லை, ‘அன்பான வெற்றியாளரே’ என்றுதான் முதல் கடிதம் வந்தது. பெயரையும் அட்டையையும் அவர்களே பிறகு கொடுத்தார்கள். பரிசு இலக்கத்தை இணையத்தில் தேடியபோது, எந்தெந்த நாட்டுச் சனங்களோ அதே இலக்கத்தை எழுதி, ஏமாந்தோம் என்று வைத்திருந்தார்கள்.

விஜயகலாவின் முகம் சுருங்கிப்போயிற்று. இவ்வளவும் அவள் தேடியிருக்கலாம். ஆங்கிலத்தில் இருந்ததாலேயே அவளும் நம்பினாள்.

அழகமுத்து மட்டும் பிடியை விடவில்லை. விட்டால் விழுவதற்கு அடியில் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். “ஒரு தரம் அந்த மனுசனோட பேசிப் பார்ப்போம். ஏதாச்சும் பிசகு நடந்திருக்கும்.”

“பேசுங்க” என்றாள் வெள்ளையம்மா. “ஆனா நான் சொல்றத மட்டும் கேளு விஜயா. வரி, வக்கீல், எல்லாத்தையும் பரிசுக் காசுல இருந்தே புடிச்சிக்கிட்டு மிச்சத்தைத் தரச் சொல்லு. தோட்டத்துல எனக்குச் சம்பளத்துல புடிக்காததா? தேயிலைத் தூளுக்குப் புடிச்சான், சங்கத்துக்குப் புடிச்சான், கோயிலுக்குப் புடிச்சான். எல்லாம் புடிச்சிட்டு மிச்சத்தக் கையில தந்தான். ஒரு நாளும் நீ முதல்ல கொண்டாந்து கட்டு, அப்புறம் சம்பளம் தர்றேன்னு எந்தத் தொரையும் சொல்லல. அஞ்சு லட்சம் வச்சிருக்கிறவனுக்குப் புடிச்சிக்கத் தெரியாதா?”

புவாட் அவளை நிமிர்ந்து பார்த்தான். கணினி வைத்திருக்கும் அவனுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை.

கண்ணாடிக் கூட்டுக்குள் விஜயகலா கடிதத்தின் அடியில் இருந்த எண்களைச் சுழற்றினாள். முதலில் தேன் ஒழுகப் பேசிய ஆணின் குரல் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. அவள் அம்மாவின் கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் உயர்ந்தது. சட்டம் தெரியாத முட்டாள் என்றது. பொலிஸில் பிடித்துக் கொடுப்பேன் என்றது. அவள் விடாமல் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டாள். தொடர்பு அறுந்தது.

அழகமுத்து கடை வாசலில் வந்து நின்றார். சந்தியில் ஒரு கிழவன் உண்மையான சுவீப் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தான். இருபது ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டுதான் அவனும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். அதை எத்தனை வருடமாகப் பார்க்கிறார்.

“பொலிசுக்கு எழுதிப் போடுங்க ஐயா. கடிதம் ஒன்டையும் அழிக்க வேணாம், நான் பிரதி எடுத்துத் தாறன்” என்றான் பின்னால் வந்த புவாட்.

“பொலிசுக்குப் போனா ஊருக்குத் தெரியும்” என்றார் அவர்.

புவாட் பிரதிகளை மடித்து அவர் கையில் கொடுத்தான். அதற்குக் காசு வாங்கவில்லை. அது அவருக்கு அடி வாங்கியதைவிட வலித்தது.

*

அடகுக் கடைக்காரர் தாலியை எடுத்துக் காட்டினார். கம்பிக்கு அந்தப்புறம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், மஞ்சள் பூச்சு இன்னும் போகாமல் கிடந்தது. வெள்ளையம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

“மீட்டுக்கங்க, இப்பவே தர்றேன்.”

மீட்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. புது வீட்டுக்காக வாங்கி அடுக்கி வைத்திருந்த கூரைத் தகடுகள். தைப்பொங்கலுக்குப் பால் காய்ச்சுவேன் என்று கோயில் கமிட்டிக்கு முன்னால் சொன்னவர் அழகமுத்து. சித்திரையும் வந்துவிட்டது. “தலைவர் வீட்டுக்கு ஆகாசமே கூரை” என்று கமிட்டிப் பொருளாளர் கஜேந்திரன் நாலு பேர் சிரிக்கச் சொன்னதும் அவர் காதுக்கு வந்திருந்தது. அந்தச் சிரிப்புதான் அவரை லண்டன் வரை துரத்தியது என்று சொன்னாலும் பிழையில்லை.

இரும்புக் கடை பளீல் முதலாளி நல்ல மனிதர். தகடுகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். “ஆனா லொறி நாளைக்குப் பத்து மணிக்குத்தான். சாமானக் கண்ணால பாத்துத்தான் காசு.”

கணக்குச் சரியாக வந்தது. நாளை பகலுக்குள் பணம், காப்புக் கட்டும் ஆறு மணிக்கு முன் தாலி. வீடு போகும், தாலி வரும். இடையில் இந்த ஒரு இரவை மட்டும் தாண்ட வேண்டும்.

ஒரே ஒரு இரவு.

வீட்டுக்கு வந்த பிறகு அழகமுத்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோயிலில் பெட்டியை வாங்கும் பூசாரி, துணியை விலக்கித் தாலி இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே வைப்பார். கழுத்தில் ஏற்றுவது நாளைக்குத்தான். அவர் பார்வை வெள்ளையம்மாவின் கழுத்துக்குப் போயிற்று. திரும்பி வந்தது. மறுபடியும் போயிற்று.

“தெரியுது” என்றாள் அவள். “கேட்டா கழட்டித் தருவேன். தந்தப்புறம் என் கழுத்த நீங்க பாக்கக் கூடாது.”

அவர் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில், ஒரு துண்டு மஞ்சள் கோத்த கயிறு அவள் கழுத்தில் இருந்தது. அவளுடைய தாலி அம்மனின் மஞ்சள் துணிக்குள் போயிற்று. விஜயகலா அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தப்புச் சத்தம் கீழ் லயத்திலிருந்து ஏறி வரத் தொடங்கியது.

*

முற்றத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டுக் கூடையோடு அப்படியே வந்த பெண்கள்கூட நின்றார்கள். முன்னால் நின்றவன் கஜேந்திரன்தான். நாலு வருடமாகத் தலைவர் பதவிக்குக் கண் வைத்திருப்பவன். இன்று வழக்கமான குத்தல் பேச்சு இல்லை. முகம் பூரித்திருந்தது. அழகமுத்துவைக் கூரையடிக்கு ஒதுக்கிக் கூட்டிப் போனான்.

“தலைவரே, நாளைக்கு மொத பஸ்ல கஹவத்தைக்குப் போயிட்டு வந்திர்றேன். காப்புக்கு முன்ன வந்துருவேன்.”

“திருவிழா அன்னைக்கு என்னப்பா அவசரம்?”

“நல்ல காரியம். இப்ப சொல்ல ஏலாது. செவலப் பசுவக்கூட வித்துட்டேன்னா பாத்துக்கங்க.”

சொல்லிக்கொண்டே சட்டைப் பையைத் தடவினான். நாலாக மடித்த ஒரு தாள் அதில் நின்றது. மடிப்புக்கு மேலே நீல நிறத்தில் பாதிக் கிரீடம் தெரிந்தது.

புவாட் சொன்ன தோட்டத்து ஆள் இவன்தான் என்று அழகமுத்துவுக்கு விளங்கியது. கட்டாரில் இருக்கும் மகனுக்குக் கடிதம் போட இவனும் புவாட் கடைக்குத்தான் போகிறான். அந்தப் பசுவின் பாலை விற்றுத்தான் இவன் வீட்டில் அடுப்பு எரிந்தது.

பேசாமல் இருந்தால் போதும். பெட்டி போய்விடும். நாளைக்குத் தாலி மாறிவிடும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கூரையைப் பார்த்துச் சிரித்தவன் மாட்டையும் பறிகொடுத்து வந்து நிற்பான்.

இரகசியமாகச் சொல்லிப் பார்க்கலாமா? பொறாமையில் சொல்கிறார் என்பான். புவாட் சொன்னபோது, மூக்கை நுழைக்கிறான் என்று அவரே நினைக்கவில்லையா? வெறும் வாய்ச் சொல் போதாது. தானே விழுந்ததைக் காட்டினால்தான் நம்புவான்.

அவர் வாசலில் வெள்ளையம்மாவைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்ற கழுத்தைத்தான் பார்த்தார்.

பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்தின் நடுவுக்கு வந்தார். “தப்ப நிப்பாட்டுங்க.”

சத்தம் நின்றது. அவர் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியை விலக்கி, உள்ளே இருந்ததை எடுத்தார்.

“இது அம்மன் தாலி இல்ல. இது என் பொஞ்சாதி தாலி.”

எல்லோருக்கும் முன்னால் அதை வெள்ளையம்மாவின் கையில் வைத்தார். பிறகு நிமிர்ந்து நின்றார். சொல்லி முடிக்கும்வரை முதுகு வளையவில்லை.

“அம்மன் தாலிய நான் அடகு வச்சேன். லண்டன்ல என் மகளுக்குச் சுவீப் விழுந்திருக்குன்னு கம்பியூட்டர்ல கடிதம் வந்துச்சு. ஒருத்தருக்கும் சொல்லாதன்னான், சொல்லல. கட்டுன்னான், கட்டுனேன். திரும்பவும் கட்டுன்னான். நாம வாங்காத டிக்கெட்டு. நான் கேக்கல. என் பொஞ்சாதிதான் இன்னைக்குக் கேட்டா, புடிச்சிக்கிட்டு மிச்சத்தக் குடுன்னு. அந்த வார்த்தைக்கே அவன் போன வச்சிட்டான். மேல நீலக் கிரீடம் போட்ட கடிதம். யாருகிட்ட இருந்தாலும் நாளைக்கு பஸ் ஏறாதீங்க.”

கஜேந்திரனின் கை சட்டைப் பைக்குப் போனது.

“இலக்கம்?” என்றான். அவன் குரலே அவனுக்குக் கேட்டிருக்காது. “கடைசி நாலு இலக்கம் என்னா?”

விஜயகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “ஏழு, ஏழு, மூணு, ஒம்பது.”

அவன் தாளை எடுத்துப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அழகமுத்துவின் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். இடுப்பில் முடிந்திருந்த பசுவின் பணத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

கூட்டத்தின் பின்னாலிருந்து, கூடையை இறக்காத ஒரு பெண்ணின் குரல் வந்தது. கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அழகமுத்துவால் அதைத் தாங்க முடியவில்லை.

“மழையில நனைஞ்சு குடுத்த ஒரு பேரு தலைவரே அது. நாளைக்கு ஆறு மணிக்குக் காப்பு. தாலி வராட்டி, அம்மன் கழுத்துல என்னத்தக் கட்டுவீங்க?”